உப்பரசன் கேட்ட சாகா வரம்

கல்யாணமாகி நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்தபோது, என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு சுருக்குப்பை இருந்தது. அதற்குள் பகடைகள். வழக்கமான ஆறு முகப் பகடை ஒன்று, மற்றவை நான்கு முகம், எட்டு முகம் என்று போய் இருபது முகம் வரைக்கும். மாமியார் அதைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது கல்லு வச்ச நகையா, கழண்டு போச்சா?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பைக்குள் போட்டு முடிந்து கொடுத்துவிட்டார்.

பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில் விடுதித் தோழிகளிடம் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். "எதிரே பாழடைந்த கோட்டை. வாசலில் காவலர்கள் தூங்குகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். மற்றவர்கள் கூடிப் பேசி, நாங்கள் இன்னது செய்கிறோம் என்பார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். மந்திரவாதிகள், பூதங்கள், கொடுங்கோல் மன்னர்கள் எல்லாம் வருவார்கள். அந்தக் கெட்டவர்களுக்குக் குரல் கொடுப்பது நடத்துகிறவரின் வேலை.

இப்போது நான் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். ஒரு மழைக்கால ஞாயிறு, கரண்ட் இல்லாமல் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது பகடைப் பையை வெளியே எடுத்தேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் அந்த ஆட்டம் தொடங்கியது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விளையாட்டில் அவர் திருடன். நாத்தனார் அக்காள்மடத்தில் குடியிருக்கிறாள், இறால் கம்பெனி ஒன்றில் வேலை. விளையாட்டில் அவள் மந்திரக்காரி. அவள் கணவர் அங்கேயே மெயின் ரோட்டில் பைக் மெக்கானிக். அவர் மட்டும் யாரையும் வெட்டமாட்டேன் குத்தமாட்டேன் என்று சொல்லி வைத்தியராக இருந்துகொண்டார். திருடன் ஒரு தடவை அம்பு பாய்ந்து கிடந்தபோது, "மொதல்ல பிளக்கைக் கழட்டிப் பாப்போம்" என்றுதான் வைத்தியத்தை ஆரம்பித்தார்.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு அவர்கள் இருவரும் பாம்பன் பாலம் தாண்டி பைக்கில் வந்து சேர்வார்கள். மதியம் கறிச்சோறு சாப்பிட்டதும் முன்கூடத்தில் பாய் விரித்துவிடுவோம். என் மாமனார் அதே கூடத்தில் சன்னலோரக் கட்டிலில் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருப்பார். மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரி அவர். பங்காளி வகையறாவில் அவர்தான் இப்போது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்கூட மாமியாரைக் கூப்பிட்டு, "பிள்ளகிட்டச் சொல்லு" என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

எங்கள் கதையின் வில்லன் உப்பரசன். கடலைக் காயவைத்து நாடு முழுக்க உப்புப் பாத்தி கட்டிவைத்திருந்தான். பாத்தி நனைந்துவிடக்கூடாது என்பதற்காக மழையைப் பிடித்து அரண்மனை நிலவறையில் பூட்டிவிட்டான். ஜனங்கள் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்கள். அவனை வீழ்த்தி மழையை மீட்க வேண்டும். இந்தக் கதையை ஓர் ஆண்டுக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருந்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனார் கேட்கிறார் என்பது ஒருநாள்தான் தெரியவந்தது.

"மழையப் பூட்டுனது தப்புன்னு எல்லாரும் சொல்றீக," என்றது பேப்பர். "களத்துல வத்தல் காயுறப்ப ஒரு தூத்தல் விழுந்து பாத்திருக்கீகளா? அந்த ராசா செஞ்சதுல ஒரு நியாயம் இருக்கு."

நாத்தனார் மெதுவாக, "அய்யா, அவன் கெட்டவன்," என்றாள். "தொழில் செய்றவன்," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டினார்.

கதை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. திருடனும் மந்திரக்காரியும் வைத்தியரும் ஒரு பழைய கிணற்றிலிருந்து ஜாடி ஒன்றை எடுத்திருந்தார்கள். அதற்குள் ஒரு பூதம். அதனிடம் இன்னும் ஒரே ஒரு வரம் பாக்கி. அதை வைத்து மழையை மீட்கலாம் என்று அவர்கள் கிளம்பும்போது உப்பரசனின் ஆட்கள் மூவரையும் பிடித்துச் சங்கிலி போட்டுவிட்டார்கள். ஜாடி அரசன் கைக்குப் போனது. அடுத்து அவன் சாகா வரம் கேட்க வேண்டும்.

இந்த விளையாட்டில் வரம் கேட்பது ஆபத்தான காரியம். கேட்டவன் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு, அவன் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது நடத்துகிறவரின் சாமர்த்தியம். நான் அதை எப்போதோ யோசித்து வைத்துவிட்டேன். "எனக்குச் சாவே வரக்கூடாது" என்பான். பூதம் சரி என்று சொல்லி அவனை உப்புச் சிலையாக ஆக்கிவிடும். உயிர் இருக்கும், நினைவு இருக்கும், அசைய முடியாது. சாவும் கிடையாது. இதை நினைத்து நினைத்து எனக்கே பெருமை. ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவில்கூட அந்தச் சிலை என் கண்ணுக்கு முன்னால் வரும்.

அந்த ஞாயிறு பார்த்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. உப்பரசனுக்கு என்று நான் வைத்திருந்த கட்டைக் குரலைப் போட்டுப் பார்த்தேன், பூனைக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. என் கணவர் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார். அப்போது மாமனார் பேப்பரை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார்.

"ராசா பேசுறத வேணும்னா நான் பேசுறேன் தாயி," என்றார். என்னிடம் நேராக.

அரசன் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "யாரடா நீங்க, என் நாட்டுக்குள்ள காலை வச்சது?" என்று தொடங்கினார். மைக் இல்லாமல் கோயில் கூட்டத்தில் பேசிப் பழகிய குரல். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் மாப்பிள்ளை அறியாமலே எழுந்து நின்றுவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பூதம் வந்தது. "என்ன வரம் வேண்டும்?" என்று நான் கிசுகிசுத்தேன். மாமனார் தாளைப் பார்த்தார். கடைசி வரியை வாய்க்குள் படித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இத இப்படிக் கேட்டா ராசா மாட்டிக்கிருவான்."

"மாட்டத்தான் செய்யணும் மாமா. அதுதான் கதை," என்றேன்.

"அது உனக்குக் கதை தாயி. இங்கன நான்ல ராசா. சாகாம இருக்குறதுன்னா சின்ன விசயமா? நாலு பேத்துகிட்டக் கலந்துக்கிட்டு அடுத்த வாட்டி சொல்றேன்."

நாத்தனார், "அய்யா, நாங்க சங்கிலியில கட்டிக் கெடக்கோம்," என்றாள்.

"கெடங்க. வேளாவேளைக்குச் சோறு தண்ணி குடுக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான், ஆட்டம் நின்றது. கலந்துகொள்வது என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நிஜமாகவே போனார்.

திங்கட்கிழமை காலையில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார். ஒரு பழைய நிலத் தகராறில் தனக்கு வாதாடிய வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு மனுசன் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் எழுத்தில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வக்கீல் முதலில் இன்சூரன்ஸ் சமாச்சாரம் என்று நினைத்திருக்கிறார். பூதம், ஜாடி, உப்பு என்று விவரம் தெரிந்ததும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாராம். "நான்" என்றால் யார் என்பதை முதலில் கட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் பெயரை மட்டும் சாகாமல் வைத்துவிட்டு ஆளை அனுப்பிவிடுவார்கள் என்றாராம். இஷ்டப்பட்டால் செத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டுவைக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, அப்படி ஒரு ஓட்டை இருந்தால் எதிராளி அதன் வழியாகத்தான் வருவான் என்று சொல்லிவிட்டாராம். மாமனார் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மாமியாரிடம் சொல்ல, மாமியார் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார்.

அந்த வக்கீலின் குமாஸ்தாவுக்கு எங்களுக்குப் பக்கத்து ஊர். பெரியவர் ஒருத்தர் வந்து, சாகாமல் இருக்க வழி உண்டா என்று வக்கீலிடம் வெகுநேரம் பேசினார் என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாளே அந்தச் செய்தி எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்துவிட்டது. வரும் வழியில் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்பதும் சேர்ந்துகொண்டது.

முதலில் ஒரு சாத்துக்குடிப் பை வந்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, மாமனாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார், "என்னப்பா விசேசம்?" என்று கேட்டார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்று சொல்லும்போதே வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு ரொட்டி வந்தது, பிஸ்கட் வந்தது, சத்துமாவு டின்கள் வந்தன. நயினார்கோவில் விபூதி வந்தது. ஏர்வாடி போய் ஓதிக்கொண்டு வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில், மாமனாரின் பழைய கூட்டாளியான மிளகாய் வியாபாரி பாய் கொடுத்தனுப்பினார்.

விசயம் புரிந்ததும் மாமனார் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினார். அதுதான் வினையானது.

"எனக்கு ஒண்ணுமில்ல. வக்கீல்கிட்டக் கேட்டது ஒரு ராசாவுக்காக."

"எந்த ஊரு ராசா?"

"உப்பு எடுக்குற ஊரு."

"வாலிநோக்கம் பக்கமா?"

"அங்கன எல்லாம் இல்ல. அப்படி ஒரு ஊரே கெடையாது. பூதம் வரம் குடுக்குது, அதுக்கு எப்படிக் கேக்கணும்னு விசாரிச்சேன்."

வந்தவர் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தலைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் மாமியார்தான் டீ போட்டார். மூன்றாம் நாள் அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஏத்தா, உங்க ராசாவுக்குச் சாகா வரம் கேக்கப்போயி, டீ ஆத்தியே எனக்கு உசுரு போகுது. சீக்கிரம் குடுத்து முடிச்சு விடு," என்றார்.

ஊர் வாயை மூட ஒரே வழி, ரத்தம் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டைக் காட்டிவிடுவதுதான் என்று என் கணவர் முடிவு செய்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லாவற்றுக்கும் நிரூபணம் வேண்டும் அவருக்கு. அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் டவுனில் டெஸ்ட் எடுத்து வந்தார். மாமனார் அதுவரை ஊசி போட்டு அறியாதவர். ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, சர்க்கரையைத் தவிர. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நோய் இல்லை என்று காட்ட எடுத்த ரிப்போர்ட்டை இனி யாரிடமும் காட்ட முடியாது. என் கணவர் அதை அரிசி டின்னுக்கு மேலே வைத்துவிட்டார். ஆனால் மாத்திரை வாங்கியதை மருந்துக்கடையில் யாரோ பார்த்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு சுற்று வந்து போனது. இந்தச் சுற்றில் சாத்துக்குடி இல்லை, பாகற்காய்.

அடுத்த ஆட்டத்துக்கான ஞாயிறு வந்தது. நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கப் போனால் கூடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். முக்கியமாக எங்கள் பங்காளி ஒருவர். மாமனாரின் பெரியப்பா மகன், வயதில் இளையவர். இவர்கள் இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அது நேராகப் போகிறதா, வளைந்து போகிறதா என்பது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே தீராத விவகாரம். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது, கூடிப் பேசுவார்கள், பிறகு பார்ப்போம் என்று எழுந்துவிடுவார்கள். இப்போது மாமனாருக்கு ஒன்று ஆவதற்குள் அதைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அவர் வந்திருந்தார். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

"இருந்து பாருங்க, இன்னைக்கு முடிஞ்சிரும்," என்றார் மாமனார் அவரிடம். மாமனார் சொன்னது ராசாவின் விசயத்தை. பங்காளி வரப்பு என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் தொண்டை சரியாகியிருந்தது. பூதத்துக்கு நான் குரல் கொடுத்தேன். "அரசே, என்ன வரம் வேண்டும்?"

மாமனார் தாள் எதுவும் வைத்திருக்கவில்லை. சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உப்பு நாட்ட ஆண்டு அனுபவிச்சு வார ராசாவாகிய நான், இப்ப இங்கன உக்காந்திருக்குற இதே ஆளு, இதே ஒடம்போட, இதே புத்தியோட, கண்ணு காது பல்லு ஒண்ணும் பழுதாகாம, கல்லாகவோ மரமாகவோ உப்பாகவோ மாறாம, யாரும் அடைச்சுப் பூட்டி வைக்காம, இதுக்கு மேல வயசு ஏறாம, என்னைக்கும் சாகாம இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "சர்க்கரையும் வரக்கூடாது."

"அய்யா, ராசாவுக்கு இப்ப என்ன வயசு?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நாப்பது."

"அறுபதுன்னு மதினி அப்பவே சொல்லிருக்கு."

"அது வெளியில சொல்றது."

என் மனதிலிருந்த உப்புச் சிலை கரைந்து போனது. "உப்பாகவோன்னு எப்படி மாமா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உப்புன்னு ஆரம்பிச்ச கதைய வேற எதுல முடிப்பாக?" என்றார்.

எனக்கு உண்மையாகவே வேறு வழி எதுவும் தோன்றவில்லை. கல் இல்லை, சிறை இல்லை, நோய் இல்லை, கிழடும் இல்லை. வக்கீல் எல்லாச் சந்துபொந்தையும் அடைத்துவிட்டார். சங்கிலியில் கிடந்த மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் கூடத்தைப் பார்த்தேன். பங்காளி துண்டை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு காத்திருந்தார், முதல் பத்திரிகை மூத்தவர் கையில் கொடுக்க வேண்டும் என்று. அவருக்குப் பின்னால் காதுகுத்துக்கு நாள் கேட்க வந்தவர்.

"தந்தேன்," என்றது பூதம். "கேட்டது கேட்டபடி."

என் கணவர் புருவத்தை உயர்த்தினார்.

"மறுநாள் காலையில் அரசன் கண் விழிக்கிறான்," என்று நான் தொடர்ந்தேன். "உடம்பில் ஒரு வலி இல்லை. அரண்மனை வாசலில் கூட்டம். எதிரிகள் இல்லை. சொந்தக்காரர்கள். இனி அரசருக்குச் சாவு இல்லை என்பதால், எல்லா விசேசத்துக்கும் அவர்தான் மூத்தவர். அவர் வந்து உட்காராமல் ஒரு தாலியும் ஏறாது, ஒரு காதும் குத்தப்படாது. எல்லா வரப்புக்கும் அவர்தான் சாட்சி. நூறு வருசம் போகிறது. பேசவந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் பேரன்கள் அதே வரப்போடு வாசலில் நிற்கிறார்கள். அரசர்தான் இருக்கிறாரே என்று யாரும் எதையும் தாங்களாக முடிப்பதில்லை."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இளவரசன்கிட்டப் பொறுப்பக் குடுத்தாச்சுன்னு சொல்லு."

"இளவரசன் கிழவனாகிச் செத்துப்போய்விட்டான் மாமா. அவன் பேரனையும் ஊர் சின்னவர் என்றுதான் கூப்பிடுகிறது. பெரியவரை வரச்சொல்லுங்கள் என்கிறார்கள்."

"ராசாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"நோய் வராதே," என்றாள் நாத்தனார்.

"அப்ப வெளியூர் போயிருக்கார்னு சொல்லு," என்றார் மாமனார்.

அப்போதுதான் பங்காளி வாயைத் திறந்தார். அவருக்குப் பகடை தெரியாது, பூதம் தெரியாது. ஆனால் வரப்பு என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. "அதனால என்னண்ணே," என்றார் சாந்தமாக. "சாகாத ஆளு என்னைக்கு இருந்தாலும் திரும்பி வரத்தான வேணும். நாங்க இருக்கோம். எங்களுக்குப் பின்னால எங்க பிள்ளைக இருக்கும்."

மாமனார் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இஷ்டப்பட்டால் சாக வக்கீல் ஒரு வழி விடச்சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உப்பரசன் செத்திருப்பான்.

பிறகு மாமனார் சங்கிலியில் கிடந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தா, அவிழ்த்து விடுங்கப்பா இவுகள," என்று இல்லாத காவலர்களிடம் சொன்னார். "மாப்ள, நீங்க வெவரமான ஆளு. இதுலருந்து வெளிய வர ஏதாச்சும் வழி இருக்கா?"

மெக்கானிக் மாப்பிள்ளை வைத்தியராகவே யோசித்தார். "ரிப்பேர் பண்ண முடியாது மாமா. வண்டி கண்டிசனா இருக்கு. ஆளுகதான் தொந்தரவு." சற்றுப் பொறுத்து, "போன வருசம் காரங்காட்டுல படகுல போனோம்ல, அலையாத்தி மரத்துக்குள்ள. உள்ள போனா வெளியில இருந்து ஆளே தெரியல. அந்த மாதிரி ஒரு தீவு இருந்தா ராசாவ ஒளிச்சு வச்சிரலாம்," என்றார்.

"அதுக்கு மொதல்ல கடல் வேணும்," என்றார் என் கணவர். "கடலத்தான் அரசர் காயப்போட்டுட்டாரே. மழையத் தெறந்து விட்டா கடல் வரும். படகு வரும்."

ஓர் ஆண்டாக வாளும் மந்திரமும் கொண்டு அவர்கள் வாங்க நினைத்த மழை அப்படித்தான் பேரத்துக்கு வந்தது. மாமனார் ஒரு நிபந்தனை போட்டார். களத்தில் கிடக்கிற வத்தலை எல்லாம் அள்ளி மூட்டை கட்டிய பிறகுதான் மழை. உப்பு நாட்டில் வத்தல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சம்மதித்தார்கள். நிலவறை திறந்தது, மழை கொட்டியது. பாத்தி எல்லாம் கரைந்து கடல் ஏறியது.

படகு கிளம்பும்போது சொந்தக்காரர்கள் பார்த்துவிடக்கூடாது. பார்ப்பார்களா மாட்டார்களா என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் தரப்புக்கு யார் உருட்டுவது என்று நான் தயங்கியபோது எல்லாருடைய கண்ணும் பங்காளி மேல் போனது. இருபது முகப் பகடையை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கைக்குள்ளும் வைத்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, பாயில் விட்டார். ஒன்று விழுந்தது. இருப்பதிலேயே மோசமான எண்.

"பார்க்கவில்லை," என்றேன். "எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். படகு போய்விட்டது."

"போயிட்டாரா?" என்றார் பங்காளி. "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?"

மாமனார் கட்டிலிலிருந்து இறங்கி, காலை நீட்டி மடக்கிவிட்டு, பத்திரிகை கொண்டுவந்தவரிடம் போய் அதை வாங்கி அப்படியே என் கணவர் கையில் கொடுத்தார். காதுகுத்துக்காரரிடம், "நாள் குறிக்கிறத எல்லாம் இனி இவன்கிட்டக் கேளுங்க," என்றார். பங்காளியிடம், "வரப்பும் இவன்தான். கணக்குப் படிச்சவன், அளந்து குடுப்பான்," என்றார். என் கணவரின் முகம் எப்படிப் போனது என்பதை நான் எழுதப் போவதில்லை. அவரோடு நான் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

மாமியார் டீயோடு வந்தார். மாமனாருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டம்ளர். ஒரு வாய் குடித்துவிட்டு அவர், "சாகா வரம் கேக்கப்போயி சீனி இல்லாத டீதான் கெடச்சிருக்கு," என்றார். மாமியார் சிரிக்கவில்லை. "அந்த மட்டும் கெடச்சுச்சே," என்று சொல்லி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரமே என் கணவரும் பங்காளியும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். வரப்பு நேராகவும் இல்லை, வளைந்தும் இல்லை, நடுவில் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது என்று என் கணவர் வந்து சொன்னார். ஆளுக்குப் பாதியாகச் செதுக்கிக்கொண்டார்கள். அத்தனை வருடப் பேச்சும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டதால் பங்காளிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு வேறு காரணம் இல்லாமல் போய்விட்டது.

அதனால் அவர் ஆட்டத்துக்கு வரத் தொடங்கினார். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, கறிச்சோறு நேரத்துக்குச் சற்று முன்பாகவே வந்துவிடுவார். புதிய கதை ஒன்றைத் தொடங்கியிருந்தேன், மலைநாடு, டிராகன்கள், வேறு ஒரு வில்லன். அவருக்கு என்ன பாத்திரம் வேண்டும் என்று கேட்டேன். வீரனா, வில்லாளியா, முனிவரா என்று எடுத்துச் சொன்னேன். எதுவும் வேண்டாம் என்றார். தான் உப்பரசனின் சொந்தக்காரர் என்றும், அவரைத் தேடிக்கொண்டு வந்திருப்பதாகவும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மலைநாட்டில் உப்பரசன் இருக்க வழியில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டிராகன் எதிரே வந்து நெருப்பைக் கக்கும்போது மற்றவர்கள் கேடயத்தைத் தேடுவார்கள். அவர் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இந்தப் பக்கமா எங்க ஆளு ஒருத்தரு வந்தாராய்யா?" என்று அதனிடம் விசாரிப்பார்.

மாமனார் கட்டிலில் பேப்பரைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.